கேள்வி – பதில்: திரையில் நல்லவரான ஜெஸ்ஸி ஜேம்ஸ்

கேள்வி: 1939-இல் வந்த ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்தைப் பார்த்தேன். ரயில் நிறுவனத்தின் ஆள் வீசிய குண்டில் தாய் இறந்ததால்தான் ஜெஸ்ஸி கொள்ளைக்காரர் ஆகிறார். உண்மையிலும் அப்படித்தானா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உண்மையாகவே வாழ்ந்த கொள்ளைக்காரர் ஜெஸ்ஸி ஜேம்ஸ். குண்டு வெடித்தது உண்மை, ஆனால் காலமும் வேறு, இறந்தவரும் வேறு. 1875 ஜனவரியில் ஓர் இரவு, மிசௌரி மாநிலத்தில் கியர்னி என்ற ஊருக்கு அருகிலிருந்த ஜெஸ்ஸி குடும்பத்தின் பண்ணை வீட்டைச் சூழ்ந்துகொண்ட பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் உள்ளே எறிந்த எரிகுண்டு வெடித்ததில், ஜெஸ்ஸியின் 8 வயதுத் தம்பி ஆர்ச்சி உயிரிழந்தான். தாய் ஸெரெல்டா ஒரு கையை இழந்தார். குழந்தை உறங்கும் வீட்டில் நடந்த அந்தக் கொடுமையை எவராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஸெரெல்டா அதன்பின் 1911 வரை வாழ்ந்தார்.

அதைவிட முக்கியமானது நிகழ்ச்சிகளின் வரிசை. அந்த இரவுக்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே, 1869 டிசம்பரில், காலட்டின் என்ற ஊரின் வங்கியில் காசாளர் ஜான் ஷீட்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ஜெஸ்ஸியின் பெயர் பரவலாக அடிபட்டுவிட்டது. 1873-இல் அயோவா மாநிலத்தின் அடேர் அருகே ஜெஸ்ஸியின் கொள்ளைக் கூட்டம் தண்டவாளத்தைப் பெயர்த்து ரயிலைக் கவிழ்த்ததில் எஞ்சின் ஓட்டுநர் இறந்தார். இவற்றுக்கெல்லாம் பின்னரே பிங்கர்ட்டன் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். விளைவாக வந்த ஒன்றைப் படம் காரணமாக்கி முன்னால் வைத்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் நிலத்தை எந்த ரயில் நிறுவனமும் பறிக்கவும் இல்லை. அது அடிமைகளை வைத்து வேளாண்மை செய்த குடும்பம். ஜெஸ்ஸி 16 வயதில் துப்பாக்கி ஏந்தியதும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தரப்பின் கெரில்லாப் படையில்தான். படத்தில் இதற்கு இடமே இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தும் குறை.

கேள்வி: அப்படியானால் ஹாலிவுட் ஏன் அவரை நல்லவராகக் காட்டியது?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அந்தப் பிம்பத்தை ஹாலிவுட் புதிதாகப் படைக்கவில்லை, ஜெஸ்ஸி உயிரோடிருந்தபோதே கான்சாஸ் சிட்டி நாளிதழ் ஒன்றில் ஜான் நியூமேன் எட்வர்ட்ஸ் அதை எழுதத் தொடங்கிவிட்டார். போரில் தோற்ற தென் தரப்பின் முன்னாள் படை அதிகாரியான அவர், 1872-இல் கண்காட்சி வாயிலில் பணம் பறித்தவர்களை ஆங்கிலப் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னரின் வீரர்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். அந்தக் கொள்ளையில் ஒரு சிறுமி காயமுற்றிருந்தாள். படத்தில் ஜெஸ்ஸிக்குப் பரிந்து பேசும் முதிய பத்திரிகை ஆசிரியர் எனக்கு எட்வர்ட்ஸையே நினைவூட்டுகிறார்.

படம் வந்த காலமும் துணை நின்றது. பொருளாதாரப் பெருமந்தத்தில் கடனுக்காக நிலம் ஜப்தியாவதைக் கண்ட மக்களுக்கு, வங்கியையும் ரயில் நிறுவனத்தையும் எதிர்ப்பவர் தம்மில் ஒருவராகத் தெரிந்ததில் வியப்பில்லை. மேலும், 1934 முதல் கண்டிப்புடன் செயல்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதிகள் குற்றத்தின்மீது பார்வையாளருக்குப் பரிவு ஏற்படக் கூடாது என்றன. ஆகவே கொள்ளைக்காரரை நாயகனாக்க விரும்பியவர்கள், முதலில் அவருக்கு ஒரு பேரநீதியை இழைத்துக் காட்டவும் இறுதியில் அவரைச் சாகடிக்கவும் வேண்டியிருந்தது. ஜெஸ்ஸியாக வந்த டைரோன் பவரின் முகப்பொலிவும் அண்ணன் ஃபிராங்காக வந்த ஹென்றி ஃபோண்டாவின் அடங்கிய நடிப்பும் மற்றதைச் செய்து முடித்தன.

இந்தப் பரிவில் மறைந்துபோகிறவர்கள் ஜோசப் லீ ஹேவுட் போன்றவர்கள். 1876 செப்டம்பர் 7 அன்று மினசோட்டாவின் நார்த்ஃபீல்டு வங்கியில் இந்தக் கூட்டம் துப்பாக்கி முனையில் பெட்டகத்தைத் திறக்கச் சொன்னபோது அவர் மறுத்தார், அதற்காகவே கொல்லப்பட்டார். எளியவரின் நாயகன் என்ற பட்டம் யாருக்காவது உரியதென்றால், சம்பளத்துக்கு வேலை பார்த்து ஊராரின் பணத்தைக் காத்த இவருக்குத்தான் உரியது என்பேன்.

கேள்வி: இப்படி வெள்ளையடிக்காத படம் ஏதாவது உண்டா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: உண்டு. நார்த்ஃபீல்டு கொள்ளையைப் பற்றி 1972-இல் ஃபிலிப் காஃப்மன் எடுத்த படத்தில் ராபர்ட் டுவால் ஏற்றுள்ள ஜெஸ்ஸி ஈவிரக்கமற்றவர். ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்தை இயக்கிய அதே ஹென்றி கிங், 1950-இல் கிரிகரி பெக்கை வைத்து எடுத்த ‘தி கன்ஃபைட்டர்’ படத்தையும் அவசியம் பாருங்கள். துப்பாக்கியால் பெயரெடுத்த ஒருவர் அந்தப் பெயராலேயே எந்த ஊரிலும் நிம்மதியாக உட்கார முடியாமல் தவிப்பதை அது காட்டுகிறது.