கவுன்சலர் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம்பிக்கைத் துரோகமா?

உங்கள் 9 வயது மகள் நாத்தனாரின் கணவரைப் பற்றி மனநலக் கவுன்சலரிடம் சொன்னதை அவர் காவல்துறைக்குத் தெரிவிக்கப் போகிறார் என்றும், ரகசியம் காப்பதாகச் சொன்னவர் இப்படிச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர் செய்தே ஆக வேண்டும். குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்த எவரும் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. மனநல சிகிச்சையின் ரகசியக் காப்பு இதற்கு விலக்கு ஆகாது, பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தக் கடமை நீங்காது. விஷயம் தெரிந்துவிட்ட உங்களுக்கும் அதே கடமை இருக்கிறது.

நீங்கள் உண்மையில் அஞ்சுவது மகளின் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதைத்தான். அவளை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, உங்கள் வீட்டிலேயே வாங்கலாம், இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.

அவள் நகம் கடிப்பதாகவும் மதிப்பெண் குறைந்ததாகவும் நீங்கள் எழுதியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அவள் நான்கு நாட்களாக அழுவதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதிவிட்டு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைக் கொடுத்து வருவதாகவும் சொல்கிறீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். காயமா, தொற்றா என்று பார்க்காமல் கொடுக்கும் மாத்திரை நோயையும் மறைக்கும், தடயத்தையும் மறைக்கும். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், கடைசியாக எப்போது நடந்தது என்பது முக்கியம். அதை அவளிடம் துருவித் துருவிக் கேட்காமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். வழக்குப் பதிவாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; நீங்கள் உடனிருக்க, பெண் மருத்துவரே பரிசோதிப்பார். யூடியூபில் பார்த்ததாகச் சொல்லும் 'இருவிரல் பரிசோதனை'யை, அதாவது பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பதை, யாரும் செய்யக் கூடாது. அப்படிச் செய்பவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

அவளுடைய துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு இன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துணை தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். அந்த மனிதர் இனி உங்கள் வாசற்படி ஏறக் கூடாது, நாத்தனார் என்ன சொன்னாலும்.