மாடிப்படி மூடிக்கு எந்த ஆக்சுவேட்டர்?

கேள்வி (மேலூர் வாசகர்): எங்கள் பழைய வீட்டில் மாடிப்படியின் வாயை இரும்புத் தகட்டு மூடி ஒன்று அடைத்திருக்கிறது. நீளம் 90 செ.மீ., எடை 20 கிலோ. அம்மாவால் தூக்க முடியவில்லை. 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் தண்டை நீட்டிச் சுருக்கும் கருவி) பொருத்த ஆசை. 20 கிலோவுக்கு 200 நியூட்டன் போதும்தானே ஐயா? தண்டு 30 செ.மீ. நீளட்டுமா?

பதில்: 200 நியூட்டன் வாங்கினால் மோட்டார் முனகும், மூடி அசையாது. எடையை மட்டும் பார்த்து வாங்குகிற தப்பை எல்லோரும் செய்கிறார்கள், தம்பி. கீலுக்கு எதிர் ஓரத்தில் வில் தராசைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 10 கிலோ காட்டும். ஆக்சுவேட்டரைக் கீலிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பூட்டினால் அந்த 10 அங்கே 30 ஆகிவிடும். தண்டு நேராக நின்று தள்ளப்போவதுமில்லை; மூடியோடு 30 பாகைச் சாய்வில் படுத்துத் தொடங்கினால் 60 கிலோ, அதாவது 590 நியூட்டன். கீலில் துரு, மேலே மழைநீர் எல்லாம் சேர்த்து 1000 நியூட்டன் வாங்குங்கள். அதே மோட்டாரில் 1500 என்றால் ஆமை வேகத்தில்தான் போகும்.

30 செ.மீ. தண்டு வேண்டாம், 15 போதும். சுருங்கிய நிலையில் இரு முனைத் துளைகளுக்கும் இடையே 25.5 செ.மீ. இருக்கும் வகை என்றால், கீழ்முனையைக் கீலிலிருந்து 8 செ.மீ. உள்ளே, 13 செ.மீ. கீழே வையுங்கள். மூடி 65 பாகைக்குச் சற்று மேல் திறக்கும். பின்னால் சாய்ந்து விழாது. உள்ளிருக்கும் லிமிட் சுவிட்ச் தண்டின் இரண்டு கோடியில்தான் மின்சாரத்தை நிறுத்தும். எனவே மூடி படியும்போது தண்டும் முழுதாகச் சுருங்கியிருக்க வேண்டும்.

இரு முனையும் ஊசியில் சுழல வேண்டும். திருப்பரங்குன்றத்தில் என் வீட்டு மூடிக்குக் கீழ்முனையை அசையாமல் வெல்டு வைத்தேன். மூன்றாம் நாள் தண்டு வில்லாய் வளைந்துவிட்டது.

திருகுத் தண்டு என்பதால் மின்சாரம் போனாலும் மூடி பொதுவாக அப்படியே நிற்கும். 12 வோல்ட் பேட்டரி, நடுவில் ஒரு ஃபியூஸ், விரலை எடுத்ததும் நின்றுவிடும் சுவிட்ச், இவை கட்டாயம். பேட்டரி தீர்ந்தால் மேல் ஊசியை உருவிவிட்டு இருவராகத் தூக்கிக்கொள்ளலாம்.

வெல்டிங்குக்கு முன் பிஸ்கட் பெட்டி அட்டையைப் பாதி அளவில் வெட்டி, குண்டூசி குத்தி ஆட்டிப் பாருங்கள். பட்டறைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.