வால் நுனி வெள்ளை என்றால் அது ரகாலி

பிளாட்டிபஸைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், வாத்து போன்ற அலகு கொண்ட ஆஸ்திரேலியப் பாலூட்டி அது. ஆனால் நீங்கள் பார்த்தது பிளாட்டிபஸ் அல்ல. மெல்பர்ன் யாரா ஆற்றில் நீந்திய விலங்கின் வால் நுனி வெள்ளை என்கிறீர்கள்; அது ரகாலி, ஆஸ்திரேலியாவின் நீர் எலி. எலி என்றதும் முகம் சுளிக்காதீர்கள், அழகான பிராணி.

இரண்டும் ஆற்றங்கரையில் வளை தோண்டி வாழ்பவை. தூரத்தில் நீந்தினால் யாருக்கும் குழப்பம் வரும்.

அடுத்த முறை தலையைப் பாருங்கள். ரகாலிக்குச் சிறு காதுகள் வெளியே தெரியும். பிளாட்டிபஸுக்குத் தெரியாது, அதன் வாலும் அகன்று தட்டையாக இருக்கும். கரையோரப் பாறையில் உடைந்த சிப்பி ஓடுகள் குவிந்திருந்தால் அது பெரும்பாலும் ரகாலியின் சாப்பாட்டு மேசை.

நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிளாட்டிபஸ் வழக்கமாக அந்தியிலும் இரவிலும் இரை தேடும். குளிர்காலத்தில் பகலிலும் தலைகாட்டும்.