பாலத்தில் நிற்காத கார்

அன்புள்ள அண்ணாச்சி,

அப்பா இறந்தபின் பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, அம்மாவை எங்களோடு பெங்களூருக்கு அழைத்துவந்தோம். மூன்றரை மணிக்கு வாகைக்குளத்தில் விமானம். காலை பத்தரைக்கே கிளம்பினோம். டிரைவர், "போற வழியில கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், நவதிருப்பதியில நாலஞ்சு கோயில் எல்லாம் காட்டிருதேன்" என்றார். கிருஷ்ணாபுரத்தில் பத்து நிமிஷம் நின்றோம். ஆதிச்சநல்லூரைக் காருக்குள் இருந்தே பார்த்தோம். ஸ்ரீவைகுண்டம் போனபோது நடை சாத்தியிருந்தது. தாமிரபரணிப் பாலத்தில் அம்மா, "செத்த நிறுத்தச் சொல்லேன்" என்றாள். நேரமில்லை என்றுவிட்டேன். அடுத்த முறை எதைப் பார்க்கலாம்?

ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பாலம்தான். மற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். மத்தியான விமானத்துக்குப் போகிறவர்கள் நவதிருப்பதியை நம்பிக் கிளம்பக் கூடாது. ஒன்பது கோயிலும் ஆற்றின் இரண்டு கரையிலுமாகப் பரந்து கிடக்கின்றன, அதற்கென்று ஒரு முழு நாள் வேண்டும். கிருஷ்ணாபுரத்துக்குப் பத்து நிமிஷம் அநியாயம். அங்கே கோயிலில் கர்ணன், அர்ச்சுனன் சிலைகள் முன்னால் நின்று கல்லில் புடைத்திருக்கும் நரம்பையும் நகத்தையும் பார்க்கவே அரை மணி நேரம் ஆகும்.

ஆதிச்சநல்லூரில் மட்டுமாவது நீங்கள் இறங்கியிருக்கலாம். அந்தப் பழங்காலத்து இடுகாட்டை 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். அப்புறம் அலெக்சாண்டர் ரீ வந்தார். தங்கப் பட்டமும் இரும்பு ஆயுதங்களும் வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. 2004-05இல் தொல்லியல் துறை மறுபடி தோண்டி, 160க்கு மேற்பட்ட முதுமக்கள் தாழிகளை எடுத்தது. 2023 ஆகஸ்டில் அந்த மேட்டிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். குழிக்குள் தாழிகள் கிடந்தபடியே கிடக்கின்றன, மேலே கண்ணாடித் தளம். இதே தண்ணீரைக் குடித்து வாழ்ந்தவர்களை மண்ணுக்குள் வைத்த இடம். நான் முதலில் அந்தக் கண்ணாடியில் கால் வைத்தபோது செருப்பைக் கழற்றத் தோன்றியது.

ஆனாலும் அடுத்த முறை அம்மாவோடு வரும்போது இவை எதுவும் வேண்டாம். நேரே தூத்துக்குடி நெடுஞ்சாலையில் போங்கள். விமான நிலையம் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, முக்கால் மணி நேரம் போதும். 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்திருக்கிறார்கள். விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேரும்படி கணக்கு வைத்துக்கொண்டு, மிச்ச நேரம் முழுவதையும் முறப்பநாட்டுக்குக் கொடுங்கள். வல்லநாடு வருவதற்கு முன் சாலையை ஒட்டியே இருக்கிறது. நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்களில் குரு தலம், கைலாசநாதர் கோயில். நந்திக்குக் குதிரை முகம், குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசியின் கதையை அம்மாவே பிள்ளைகளுக்குச் சொல்லுவார்கள். நடை சாத்தியிருந்தாலும் மோசமில்லை. ஆற்றுக்கு நடையில்லையே. படியில் அம்மாவை உட்காரவைத்து, கால் நனைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இழுப்பு இருந்தால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வல்லநாட்டு மலையைக் காட்டுங்கள், 1987லிருந்து அது வெளிமான் சரணாலயம். மான் கண்ணில் படாவிட்டாலும், மான் இருக்கிற மலை என்று தெரிந்தாலே அதுகளுக்குச் சந்தோஷம்.

இனி அந்தப் பாலம். ஸ்ரீவைகுண்டத்தில் நீங்கள் கடந்தது தாமிரபரணியின் எட்டாவது அணைக்கட்டு. அதுதான் கடைசி. அதைத் தாண்டினால் ஆற்றுக்கு மிச்சம் கடல்தான். பாளையங்கோட்டையில் வாழ்ந்த ஒரு மனுஷிக்கு அந்த ஆறு பார்க்கிற இடம் இல்லை, தினம் புழங்கிய வீட்டு முற்றம். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை தங்கச்சி, விமான நேரம் நெருங்கும்போது எல்லாருக்கும் அப்படித்தான் காது அடைத்துப்போகும். என் அம்மாவை ஊரைவிட்டு அழைத்துப்போன அன்று நானும் வண்டியை நிறுத்தவில்லை. கொக்கிரகுளம் பாலத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

உங்களுக்கு இன்னும் அம்மா இருக்கிறார்கள். இன்றைக்குச் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் எந்தப் படித்துறையில் குளித்தார்கள் என்று கேளுங்கள். அந்த இடத்தின் பெயரை எனக்கும் எழுதுங்கள்.