மேனேஜரை மாற்றினால் அணி மாறிவிடுமா? – கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து கால்பந்து கிளப்களைப் பற்றியவை. அங்கே மேனேஜர் என்றால் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அதனால் பதிலும் அங்கிருந்தே.

மதுரையிலிருந்து ஒருவர்: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் மேனேஜர் போஸ்டெகோக்லுவை 39 நாளில் அனுப்பிவிட்டதே. அதற்குள் ஒருவரை எடை போட முடியுமா?

முடியாது. 2025 செப்டம்பரில் வந்தார். எட்டு ஆட்டம் ஆடியும் ஒன்றில்கூட வெற்றி இல்லை. செல்சியிடம் 3-0 தோற்ற ஆட்டம் முடிந்து சில நிமிடங்களிலேயே நீக்க அறிவிப்பு வந்துவிட்டது.

அவருக்கு முன் இருந்த நூனோவின் அணி பின்னால் இறங்கி நின்று, பந்து கிடைத்ததும் பாய்ந்து அடிக்கும் அணி. பந்து பறிபோன நொடியில் சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பு வீரர், நாலு அடி பின்னால் போவார். போஸ்டெகோக்லு சொல்லித்தருவது நேர் எதிர். அதே நொடியில் அவர் முன்னேறி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நாற்பது கஜம் வெற்றிடம் கிடந்தாலும் பதறக்கூடாது. நான் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதற்குள் பாதி சீசன் ஓடிவிடும். மூளைக்குப் புரிந்த பிறகும் கால் பழைய பக்கம்தான் போகும். ஃபாரஸ்டுக்கு வார நடுவில் யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியப் போட்டியின் ஆட்டங்களும் இருந்தன. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் நேரம் இருக்கும், புதுசாகக் கற்றுக்கொள்ள இருக்காது.

நூனோவுக்குப் பின் அவருக்கு நேர் எதிரான ஒருவரை, அதுவும் சீசன் தொடங்கிய பிறகு கொண்டுவந்தது யார்? உரிமையாளர் மரினாகிஸின் நிர்வாகம். அந்தத் தேர்வுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவர்: புது மேனேஜர் வந்ததும் அணி ஜெயிக்க ஆரம்பிக்கிறதே, அது உண்மைதானே?

ஜெயிப்பது உண்மை. காரணம்தான் பல நேரம் வேறு. ஒருவரைத் தூக்குவது எப்போது? அணி தன் தகுதிக்கும் கீழே விழுந்து கிடக்கும்போது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியிருக்கும், முக்கிய வீரர் காயத்தில் இருப்பார், பெரிய அணிகளோடு வரிசையாக மோதியிருக்கும். பழைய மேனேஜரே இருந்திருந்தாலும் அணி அங்கிருந்து கொஞ்சம் மேலே வந்திருக்கும். நெதர்லாந்து லீக்கில், இதே மாதிரி சரிவில் மேனேஜரை மாற்றிய அணிகளையும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாற்றியதால் தனி லாபம் எதுவும் தெரியவில்லை.

கிறிஸ்டல் பேலஸைப் பாருங்கள். 2017-ல் ஃபிராங்க் டி போயரை நாலு லீக் ஆட்டங்களில் அனுப்பினார்கள். நாலிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அடுத்து வந்த ராய் ஹாட்ஜ்சனும் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் கோலே போடாமல் தோற்றார். ஆனால் அவரை விட்டுவைத்தார்கள். சீசன் முடிவில் 11-ஆவது இடம்.

கொழும்பிலிருந்து ஒருவர்: உரிமையாளர்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

பணம். இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே ஒரு சீசனுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. கீழ் லீக்குக்கு இறங்கினால் அதில் பெரும்பகுதி போய்விடும். அந்தப் பயம் நியாயமானதுதான். பயத்தில் எடுக்கும் முடிவு சரியாக இருக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது.

சென்னையிலிருந்து ஒருவர்: நீக்கப்பட்டவருக்கு மீதிச் சம்பளம் கிடைக்குமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் ஒரு பெரிய தொகை பேசி முடிப்பார்கள். மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் மேனேஜர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது, அக்டோபரில் நீக்கியது. அவரையும் அவரோடு வந்தவர்களையும் அனுப்ப ஆன செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல் என்று கிளப் கணக்கே காட்டுகிறது.

கோவையிலிருந்து ஒருவர்: அப்ரமோவிச் உரிமையாளராக இருந்த காலத்து செல்சி ஆளை மாற்றி மாற்றியே கோப்பைகளை அள்ளியதே?

நல்ல கேள்வி. மறுக்கவும் முடியாது. ஐந்து லீக் பட்டங்கள், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இரண்டு. 2021 ஜனவரியில் லாம்பார்டை எடுத்துவிட்டுத் தூகலைக் கொண்டுவந்தார்கள், மே மாதமே ஐரோப்பியக் கோப்பை வந்தது. அந்த நீக்கம் சரி என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் முதல் பத்து வருடத்தில் பெரும்பகுதி, மேனேஜர்கள் வந்து போனாலும் செக், டெர்ரி, அப்போது வீரராக இருந்த இதே லாம்பார்ட், டிரோக்பா அங்கேயே இருந்தார்கள். அணியின் முதுகெலும்பு மாறவில்லை. கூடவே உரிமையாளரின் அளவில்லாத பணம். இந்த இரண்டும் இல்லாத கிளப் செல்சியின் பொறுமையின்மையை மட்டும் காப்பியடித்தால் கதை வேறு.

சேலத்திலிருந்து ஒருவர்: அந்த வேறு கதைக்கு ஒரு உதாரணம்?

பிளாக்பர்ன் ரோவர்ஸ். 1995-ல் பிரீமியர் லீக் சாம்பியன். 2010 நவம்பரில் புனேயின் வெங்கிஸ் கோழி நிறுவனக் குடும்பம் வாங்கியது. அடுத்த மாதமே மேனேஜர் சாம் அலர்டைஸை நீக்கினார்கள். அப்போது அணி 13-ஆவது இடத்தில் இருந்தது, எந்த ஆபத்திலும் இல்லை. பொறுப்பு ஸ்டீவ் கீனிடம் போனது.

2012 மே 7, விகானுக்கு எதிராக ஈவுட் பார்க்கில் ஆட்டம். தோற்றால் இறக்கம். கொட்டும் மழையில் யாரோ ஒரு உயிர்க்கோழிக்குக் கிளப் கொடியைப் போர்த்தி மைதானத்துக்குள் விட்டார்கள். அது நனைந்துகொண்டே புல்லில் ஓடியது. உரிமையாளர்களுக்கு ரசிகர்கள் எழுதிய மனு அது. ஆட்டம் 1-0 தோல்வி, அணி இறங்கியது. ஆனால் மனு எடுபடவில்லை. அடுத்த சீசனில் ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். 2017-ல் மூன்றாம் அடுக்குக்கே விழுந்தது.

அந்த 2017 பிப்ரவரியில் பிளாக்பர்னை விட்டுப்போன மேனேஜர் ஓவன் காயில். நம் சென்னையின் எஃப்சியைக் கடைசி வரிசைகளிலிருந்து தூக்கி 2020 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதிப்போட்டி வரை கொண்டுபோனாரே, அவரேதான். அணியும் சூழலும் மாறியபோது அதே ஆளின் வேலை எப்படித் தெரிந்தது என்று நாமே பார்த்தோம்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: யாரைப் பொறுத்துக்கொள்ளலாம், யாரை அனுப்பலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். 2-0 பின்தங்கிய பிறகும் பந்தைப் பறிகொடுத்த வீரர் திரும்பி ஓடுகிறாரா, இளம் வீரர்கள் மாதத்துக்கு மாதம் முன்னேறுகிறார்களா என்று பாருங்கள். 2021-22 சீசனில் மேனேஜர் ஆர்டெட்டாவின் ஆர்சனல் முதல் மூன்று ஆட்டங்களையும் கோல் இல்லாமல் தோற்றுக் கடைசி இடத்தில் கிடந்தது. இளம் வீரர்கள் சாக்காவும் ஓடேகார்டும் வளர்வதை நிர்வாகம் பார்த்தது, பொறுத்தது. அதன்பின் தொடர்ந்து மூன்று சீசன் இரண்டாமிடம்.

ஓட்டம் நின்று, வீரர்கள் ஒருவரையொருவர் கைநீட்டிக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் அனுப்பத்தான் வேண்டும். அப்போது இழுத்தடிப்பதும் தவறு.

மறுபடியும் மதுரை நண்பர்: அவசரப்பட்டு நீக்கியதற்காக வருந்தியிருக்க வேண்டிய கிளப் எது?

வாட்ஃபோர்ட். 2022-ல் ராப் எட்வர்ட்ஸைக் கொண்டுவந்து, பத்து லீக் ஆட்டங்களில் அனுப்பினார்கள். அந்த சீசனிலேயே பக்கத்து ஊர்ப் பரம எதிரி லூட்டன் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2023 மே 27, வெம்ப்ளி. பெனால்டியில் கோவென்ட்ரியை வென்று லூட்டன் பிரீமியர் லீக்குக்குப் போனது. வாட்ஃபோர்ட் எட்வர்ட்ஸோடு சேர்த்து மூன்று மேனேஜர்களைப் பார்த்துவிட்டு, இரண்டாம் அடுக்கில் 11-ஆவதாக முடித்தது.