முதல் எண் பட்டாவும் ஆக்னஸும்

அன்புள்ள ஐயா,

ஓமாஹாவில் வசிக்கிறேன். சென்ற மாதம் குடும்பத்துடன் நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் ஊருக்கு அருகிலுள்ள ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குப் போயிருந்தேன். டேனியல் ஃப்ரீமன் என்ற விவசாயியின் நிலம் அது. 1863 ஜனவரி 1 அன்று, நள்ளிரவு தாண்டியதுமே நில அலுவலகத்தைத் திறக்கவைத்து முதல் ஆளாக மனுக் கொடுத்தாராம். முந்திக்கொண்டதற்காக ஒருவருக்குத் தேசிய நினைவிடமா? அதுவும் பழங்குடிகள் இழந்த மண்ணில்? எனக்கு ஒப்பவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நள்ளிரவுக் கதையை முதலில் ஒதுக்கி வையுங்கள். படைக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்த ஃப்ரீமன், பிரவுன்வில் அலுவலக எழுத்தரை எப்படியோ சம்மதிக்கவைத்தார் என்பார்கள். குடியேறிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் தரும் ஹோம்ஸ்டெட் சட்டம், லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்டது, நடைமுறைக்கு வந்த முதல் நாள் அது. அன்று மனுக் கொடுத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. துப்பாக்கியும் கையுமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்ட மனிதர், தம்மை முதல்வர் என்று சொல்லிக்கொள்ளவும் கூசவில்லை. இதற்காக மட்டும் என்றால் நினைவிடம் தேவையே இல்லை என்று நானும் சொல்வேன்.

நான் அவரை அறிந்துகொண்டது வேறொரு காகிதத்தின் வழியாக. 160 ஏக்கரும் சொந்தமாக வேண்டுமென்றால் ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்திருக்க வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். ஃப்ரீமனுக்காகச் சொல்லப்பட்ட சாட்சியம் இன்றும் இருக்கிறது. பாதி மரக்கட்டைகளாலும் பாதி பலகைச் சட்டங்களாலும் ஆன, 14 அடிக்கு 20 அடி வீடு. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை. ஏறத்தாழ 35 ஏக்கர் உழுது வேலியிட்டிருக்கிறார். ஒரு குதிரை லாயம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, மக்காச்சோளக் களஞ்சியம், 40 ஆப்பிள் மரங்கள், சுமார் 400 பீச் மரங்கள்.

நானூறு பீச்! பட்டா வாங்கி விற்றுவிட்டுப் போக வந்தவன் பழமரம் வைத்துக் காத்திருக்க மாட்டான். அந்தச் சட்டத்தில் ஏமாற்று வேலைகள் ஏராளமாக நடந்தன, அது தனிக் கதை.

(நீங்கள் அங்கே பார்த்த மரவீடு ஃப்ரீமனுடையது அல்ல. பாமர்-எபார்ட் குடும்பங்கள் வாழ்ந்த வீடு. வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.)

அந்த 280 சதுர அடிக்குள் 1865இல் ஐயோவாவிலிருந்து மணப்பெண்ணாக வந்தவர் ஆக்னஸ் சூட்டர். டேனியலின் தம்பி ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அதன்பின் ஆக்னஸுக்கும் டேனியலுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து. கல்யாணப் பேச்சும் கடிதத்திலேயே முடிந்தது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தது, வீட்டையும் தோட்டத்தையும் கவனித்தது எல்லாம் அவர்தான். அந்தச் சட்டத்தின்கீழ் கிடைத்த முதல் எண் பட்டாவிலோ டேனியலின் பெயர் மட்டும்! 21 வயதான மணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே நிலம் கேட்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. குடும்பத் தலைவரோடு வாழும் மனைவிக்கு அந்த உரிமை இல்லை. 1908இல் டேனியல் இறந்தார். ஆக்னஸ் 1931 வரை இருந்தார். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த நிலத்தை நினைவிடமாக்கியபோது அவர் உயிரோடு இல்லை. அது யாருக்கான நினைவிடம் என்று என்னைக் கேட்டால் ஆக்னஸின் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

பழங்குடிகள் குறித்த உங்கள் கேள்வி நியாயமானது. அது ஓட்டோ-மிசூரியா மக்களின் நாடு. 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி நிலத்தை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு சிறு பகுதிக்குள் ஒடுங்கினார்கள். ஃப்ரீமன் மரம் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் தொலைவில் இல்லை, அதே கவுண்டியின் (மாவட்டத்தின்) தென்கோடியில் இருந்தார்கள். 1881இல் அங்கிருந்தும் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஃப்ரீமன் அவர்களை விரட்டவில்லை. விரட்டியதன் பலனை அனுபவித்தார். ஃப்ரீமனை நினைவுகூர்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது பொய்க்குச் சமம். அதற்காக ஆக்னஸின் உழைப்பை இல்லையென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஃப்ரீமன் நிலத்துக்குப் பக்கத்தில் செங்கல்லால் கட்டிய ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அங்கே ஆசிரியை பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, பாடல் பாடவைத்தார். அரசுப் பள்ளியில் இது கூடாது என்று ஃப்ரீமன் எதிர்த்தார். பள்ளி நிர்வாகம் செவிசாய்க்கவில்லை. கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். விடாமல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் வரை போய் 1902இல் வென்றார், தம் 76ஆம் வயதில். ஊரோடு ஒத்துப்போகிற சுபாவம் அவருக்கு எப்போதும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கட்டடமும் இப்போது பூங்காவில் சேர்ந்ததுதான். அடுத்த முறை போனால் அங்கே கொஞ்ச நேரம் செலவிடுங்கள். பார்த்துவிட்டும் ஒப்பவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.