மைக்செட்டுக்கா படிக்கவைக்கிறோம்?

போன சனிக்கிழமை பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், மகனை அடுத்து என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்க, என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, தாய்மாமன். கடைசியாக, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்ட பையன். பிளஸ் டூ முடித்திருக்கிறான். அப்பா உட்கார்ந்ததும் செல்போனை நீட்டினார். பையனுக்குத் தெரியாமல் பின்னால் நின்று எடுத்த படம். லேப்டாப் திரை முழுக்க வண்ண வண்ணப் பட்டைகள்.

"இதப் பாருங்க சார். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் இந்தக் கட்டத்துக்குக் கலர் மாத்திக்கிட்டே இருக்கான். கேம்னு நெனச்சேன். கேட்டா பாட்டு சாஃப்ட்வேர்ங்குறான். பாடவும் வராது, ஒரு வாத்தியம் தொட்டதில்ல."

"ஊரு மைக்செட்காரர் பின்னாடி சுத்துறான் சார்," என்றார் அம்மா. குரல் உடைந்துவிட்டது. "மைக்செட்டுக்கா இவ்வளவு படிக்கவச்சோம்?"

நானும் வழக்கம்போல "கவலைப்படாதீங்கம்மா, இந்த வயசுல எல்லாப் பசங்களும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ், நிர்வாக ஒதுக்கீடு. இடத்துக்கு இவ்வளவு, நாலு வருடக் கட்டணம் இவ்வளவு, விடுதி இவ்வளவு. கூட்டினால் 11 லட்சம். அதற்கு 3 மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். விற்பதா, ஒத்திக்கு விடுவதா என்பது மட்டும்தான் பாக்கியாம். அதோடு என் ஆறுதல் பேச்சு நின்றது.

அய்யா, அன்று உங்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் பத்து வீட்டில் இதே தாள் இதே மடிப்போடு இருக்கும் என்பதால்.

கம்ப்யூட்டர் படிப்பு மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பையனுக்குக் கணிதத்தில் 52. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-ல் கணிதம் மட்டும் 100. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்துதான் மீதி 100. மதிப்பெண்ணுக்குக் கிடைக்காத இடத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம், ஆனால் உள்ளே போன பிறகும் அவன் முன்னால் வந்து நிற்கப்போவது அதே கணிதம்தான். நாலு வருடம் கழித்து அரியர் பேப்பரோடு அவன் திரும்பி வரும்போது, அந்த ஒரு ஏக்கரில் வேறு யாரோ சம்பா நட்டுக்கொண்டிருப்பார்கள். மாமா அப்போது "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்பார். உண்மைதான், நல்லதுக்குத்தான் சொல்வார். நிலம் அவருடையது இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நர்சிங், பி.காம்., பாலிடெக்னிக், டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்ல நான் தேவையில்லை. திரையில் இருந்த அந்தப் பட்டைகளுக்கு வருகிறேன்.

பையனை உள்ளே கூப்பிட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். சென்னையில் சினிமாவுக்கு ஒலித் தொகுப்பு செய்யும் என் பழைய மாணவி ஒருத்தியை வீடியோ அழைப்பில் பிடித்தேன். எனக்கு இந்தத் தொழிலில் அரைகுறை ஞானம்தான். அவள் கேட்டாள், அவன் காட்டினான்.

விஷயம் இதுதான். பங்குனியில் ஊர்க் கோயிலில் மேளக் கச்சேரி. மைக்செட்காரரிடம் இருந்தது டிஜிட்டல் மிக்ஸர். ஒவ்வொரு மைக்கையும் அது தனித்தனியாகப் பதிந்து கொடுக்கும். அதை அப்படியே பையன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி, அறிவிப்பு மைக், கூட்டத்தின் பக்கம் திருப்பிவைத்த இரண்டு மைக். தவிலுக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று. சாஃப்ட்வேரில் போட்டதும் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில், மைக்குக்கு ஒரு பட்டையாக, 'டிராக் 1, டிராக் 2' என்று வரிசையாக வந்து நிற்கும். ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் ஒரு தவில் அடி பிசகிய இடத்தைத் தேட வேண்டுமென்றால் கண் பிதுங்கிவிடும்.

அவன் என்ன செய்திருக்கிறான் என்றால், நாலு தவில் டிராக்கையும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி அடர் பழுப்பு கொடுத்திருக்கிறான். நாதஸ்வரத்துக்குக் காவி, தாளத்துக்கு மஞ்சள். கூட்டத்தின் மைக்குகள் எப்போதாவதுதான் தேவை என்பதால் அவற்றை உயரம் குறைத்துக் கீழே ஒதுக்கியிருக்கிறான். பெயருக்கு முன்னால் சின்னப் படம். 'தவில்' என்று பெயர் வைத்த உடனே நிறம் தானாக ஏறிவிடுகிறது. அவன் வைத்திருப்பது ரீப்பர் என்ற ஒலித் தொகுப்பு சாஃப்ட்வேர். அதோடு சேர்த்துக்கொள்ள எஸ்.டபிள்யூ.எஸ். என்றொரு இலவசத் துணை சாஃப்ட்வேர் இருக்கிறது. பெயரில் இந்தச் சொல் இருந்தால் இந்த நிறம் என்று அதில் ஒருமுறை விதி எழுதிவைத்தால் போதும். விதி எழுதுகிற இந்தப் புத்தியைத்தான் மாமா 11 லட்சம் கொடுத்து வாங்கித் தரப் பார்க்கிறார்.

என் மாணவி ஒரு பொறி வைத்தாள். "தம்பி, ஷிஃப்டை அழுத்திக்கிட்டு மேல் அம்புக்குறியத் தட்டு." பட்டைகளுக்குள் கோடாகத் தெரிந்த ஒலி அலைகள் எல்லாம் திரையில் பெரிதாக வீங்கின. "இப்ப சத்தம் கூடியிருக்குமா?"

"கூடாதுக்கா. பார்வைக்கு மட்டும்தான். மெல்லிசா இருக்குற எடத்தக் கண்டுபிடிக்க அப்படி வச்சுக்குவேன். நெசமா கூட்டணும்னா டிராக்ல வால்யூமைத் தொடணும்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். படிப்பு முடித்து வேலைக்கு வருகிற பிள்ளைகளே சில பேர் இதில் தடுக்கி விழுகிறார்களாம். அடுத்து, அலையை அதிர்வெண்ணுக்கு ஏற்ப நிறம் பிரித்துக் காட்டும் காட்சியைப் போடச் சொன்னாள். வலந்தலை ஒரு நிறத்தில், தொப்பி வேறு நிறத்தில் எழுந்து நின்றன. காதை வைக்காமலே எந்த மைக்கில் எது ஒழுகி விழுந்திருக்கிறது என்று அவன் விரலால் தொட்டுக் காட்டினான். அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்தார். அப்பா வரவில்லை, ஆனால் எட்டிப் பார்த்தார்.

பாடத் தெரியாது என்று குறை சொன்னீர்கள். இந்த வேலைக்குப் பாட வேண்டாம். உங்கள் பையன் இசையமைப்பாளர் ஆகப்போவதில்லை. அந்த ஆசை அவனுக்கும் இல்லை, கேட்டுவிட்டேன். "திருவையாறு இசைக் கல்லூரியில் போடலாமே" என்று இன்னொரு சொந்தக்காரர் யோசனை சொன்னாராமே, அதையும் விட்டுவிடுங்கள். அது நல்ல கல்லூரி, வேறு பிள்ளைகளுக்கு. இவன் சாய்வு ஒழுங்குபடுத்துவதில். ஒரு படத்தின் ஒலிக்கலவைக்குப் போகும்போது வசனம், காலடிச் சத்தம், மழை, பின்னணி இசை என்று நூற்றுக்கணக்கில் டிராக்குகள் வரும். கலவைப் பொறியாளர் உட்காருவதற்கு முன் அவற்றுக்குப் பெயர் வைத்து, நிறம் பிரித்து, வேண்டாததை மறைத்து, பார்த்த நொடியில் கை போகும்படி அடுக்கித் தர ஓர் உதவியாளர் வேண்டும். அங்கிருந்து வசன எடிட்டர், ஒலி எடிட்டர் என்று ஏறலாம். டப்பிங் ஸ்டுடியோ, ஒலிப்புத்தகம், டி.வி., வானொலி, யூடியூப் என்று இதற்கு வேலை உண்டு. சினிமா ஸ்டுடியோக்களில் ரீப்பருக்குப் பதில் பெரும்பாலும் புரோ டூல்ஸ் என்ற சாஃப்ட்வேர். பொத்தான்களின் பெயர் மாறும், அடுக்குகிற கண் மாறாது.

படிக்க இடம்: சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனம். காட்சிக்கலை இளங்கலைப் பட்டத்தில் ஒலிப்பதிவு என்று ஒரு பிரிவு, 4 ஆண்டு. அரசுக் கட்டணம். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இது வராது, தனி விண்ணப்பம். அதனால்தான் நம் பக்கத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை. இடங்கள் மிகக் கொஞ்சம். கிடைக்காவிட்டால் கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். 1854-ல் தொடங்கிய கல்லூரி, காவிரிக் கரை, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். ஒலி என்பது இயற்பியல்தானே, அதில் அவன் 78 எடுத்திருக்கிறான். பட்டம் வாங்கிய பிறகு புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களின் ஒலிப் படிப்புக்கு முட்டிப் பார்க்கலாம்.

செலவு விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். நிலத்தைத் தொடக்கூடாது. மாமா சொன்ன கல்லூரிக்கும் கூடாது, "ஆறு மாதத்தில் சவுண்டு இன்ஜினியர்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் பயிற்சிக்கும் கூடாது. சில வருடம் முன்பு ஒரு பையனை நானே அப்படியோர் இடத்துக்கு அனுப்பிவைத்தேன். சான்றிதழ் பளபளவென்று இருந்தது. ஸ்டுடியோ அறைக்குள் அவன் உட்கார்ந்ததோ மொத்தமே நாலைந்து தடவை. அவன் அப்பாவை இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் எனக்குக் கூசுகிறது. ரீப்பர் 60 நாள் முழுதாக இலவசம். அதற்குப் பிறகு சலுகை உரிமம் 60 டாலர், ஐயாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பையன் 60 நாள் தாண்டியும் பணம் கட்டாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறான், அதை முதலில் கட்டுங்கள். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள். அதற்கு மேல் இப்போது ஒரு காசு வேண்டாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு விதை, உழவு என்று உங்களுக்கே கை கடிக்கும்.

இன்னொன்றும் மறைக்கக்கூடாது. இந்த வேலையில் முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் சொற்பம், ராத்திரி பகல் கிடையாது, படம் முடிந்தால் அடுத்த படம் வரும்வரை சும்மா இருக்க நேரும். சொந்தக்காரர் கல்யாணத்தில் "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லவும் முடியாது. அது உங்களுக்கு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

தம்பி, இது உனக்கு. உன் லேப்டாப்பில் ஏழு பதிவு பார்த்தேன். ஏழுக்கும் நிறம் பிரமாதம். முழுசாக முடித்தது ஒன்றே ஒன்று. தீம் மாற்றுவதும் ஐகான் தேடுவதும் வேலைக்கு உதவுகிற அளவுக்குத்தான் வேலை. அதைத் தாண்டினால் வேலையைத் தள்ளிப்போடுகிற சாக்கு. உன் அப்பா "கேம்" என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இனி அந்த அடுக்கை ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்து வை, அதோடு நிறத்தைத் தொடாதே. அந்தப் பங்குனிக் கச்சேரி ஒன்றரை மணி நேரத்தையும் மூன்று வாரத்துக்குள் கலந்து முடி. முடித்து, வாசித்த நாதஸ்வர வித்வானிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டு. தவில் முழுங்கிவிட்டது என்று அவர் திட்டினால் திருத்து, மறுபடி போ. விண்ணப்பத்தோடு எடுத்துப்போக உன்னிடம் இருக்கப்போகும் ஒரே பொருள் அதுதான்.

நாலாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் வாருங்கள். வித்வான் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டு, தரமணி விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து நிரப்புவோம். மாமாவுக்கு அன்று வேறு வேலை இருந்தால் நல்லது.